நாவின் பிழையும் செவியின் பிழையும்: நாடக வகுப்பு அங்கதத்தின் மொழி

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், நகைக்குரிய பொருள்களைச் சுட்டுமிடத்து முதலில் வைப்பது ஆரியர் பேசும் தமிழை. குருடரும் முடவரும் நடக்கும் நடை, பித்தர், கள்ளுண்டு களித்தோர், குழவியின் மழலை என்பன அதன் பின்னரே வருகின்றன. வேற்று மொழியாளன் நாவில் தம் மொழி படும் பாட்டைக் கண்டு நகுதல் அவ்வளவு பழையது. 1968இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படத்தில் மெஹ்மூத் ஏற்ற தமிழ் இசையாசிரியர் பாத்திரம் இப்பட்டியலின் மறுபக்கம் எனலாம். அங்கே தமிழர் பேசும் இந்தி நகைப்பொருளாகிறது. மூச்சொலிகள் கெடுகின்றன, பால் இயைபு தவறுகிறது, அவையோர் சிரிக்கின்றனர். பாத்திரம் என்ன சொன்னது என்பதைப் படம் பார்த்தவர் மறந்துவிடலாம். எப்படிச் சொன்னது என்பதை மறப்பதில்லை.

நாடகப் பள்ளிகளிலும் பல்கலைக்கழக நாடகத் துறைகளிலும் மாணவர் தாமே கூடி உருவாக்கும் அங்கத நிகழ்வுகளை மொழியியல் நோக்கில் அணுகும்போது இப்பழைய நகை மீண்டும் எதிர்ப்படுகிறது. அங்கதம் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் கருத்தைப் பற்றியே பேசுகிறது: எந்த அரசியலை எதிர்த்தது, எந்த ஊழலைச் சாடியது என்பன அதன் வினாக்கள். சிரிப்பு எந்த மொழிக்கூறின்மேல் விழுந்தது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. கருத்தளவில் அதிகாரத்தைச் சாடும் ஒரு நிகழ்வு, மொழியளவில் அதிகாரத்திற்கு ஆட்பட்டவரையே சாடிவிட்டு முடிவது உண்டு.

இது நிகழும் முறை எளியது. ஆசிரியர் ஒரு சூழலைத் தருகிறார். நியாயவிலைக் கடை வரிசை என்று கொள்ளலாம். ஐந்தாறு மாணவர் எழுத்துப் பிரதி இன்றி, பேசிப் பேசியே நிகழ்வை வளர்க்கின்றனர். முதல் நாளில் நிகழ்வின் நடுவில் இருப்பவர் அரிசி இல்லை என்று கையை விரிக்கும் கடை எழுத்தர். இரண்டாம் நாளில் வரிசையில் நிற்கும் ஒருவருக்கு யாரோ போஜ்புரியின் சாயலைத் தருகின்றனர். 'ஷ' வரவேண்டிய இடத்தில் 'ஸ' வருகிறது. வகுப்பு சிரிக்கிறது. சிரிப்புக் கிடைத்த இடத்திற்கே நடிப்பு மீண்டும் செல்லும். பிரதி இல்லாத நிகழ்வுக்கு அவையின் சிரிப்பே பிரதி. ஒரு வாரத்தில் போஜ்புரிக்காரர் நடுவிடம் பெற்றுவிடுகிறார். எழுத்தர் அவரைப் பேசவைப்பதற்கு மட்டும் நிற்கிறார். அரிசி என்னவாயிற்று என்று கேட்பவர் இல்லை. பார்வையாளருக்கு நிகழ்வு நியாயவிலைக் கடை ஊழலைப் பற்றியதாகவே தோன்றும். நடித்தவர்களும் அவ்வாறே நம்புவர்.

பல மொழிப் பகுதிகளைச் சேர்ந்த மாணவர் ஒரே வகுப்பில் இந்தி வாயிலாகப் பயிலும் பள்ளிகளில் இதற்கு மற்றொரு முகம் உண்டு. மணிப்பூரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்த மாணவரின் உச்சரிப்பு வகுப்பின் பொதுச் சொத்தாகிவிடுகிறது. அதனை அவரே மிகைப்படுத்திக் காட்டினால் எளிதில் இடம் கிடைக்கிறது. இயல்பாகப் பேசினால் பயிற்சி போதாது என்ற குறிப்புக் கிடைக்கிறது. மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில் அவர் கற்றது நடிப்பா, தம்மை நகைப்பொருளாக்கும் திறனா என்ற கேள்வியை நாடகத் துறையினரைவிட மொழியியலார்தாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வட்டார வழக்கே வேண்டாம் என்று விலக்கிவிடுதல் இதற்கு மாற்றாகாது. அவ்வாறு விலக்கிய வகுப்புகளில் பாடநூல் மொழி பேசும் உழவரும் செய்தி வாசிப்பது போல் சண்டையிடும் மாமியார் மருமகளும் உலவுகின்றனர். ஹபீப் தன்வீரின் பட்டறிவு இங்கே கருதத்தக்கது. சத்தீஸ்கரின் நாச்சா கலைஞர்களை இந்தியில் பேசவைத்தபோது அவர்தம் நடிப்பு இறுகிப்போயிற்று. 1973இல் ராய்ப்பூரில் நடத்திய பட்டறையை ஒட்டி அவர்களைத் தம் சத்தீஸ்கரியிலேயே பேசவிட்டார். உடலும் நாவும் ஒருங்கே விடுபட்டன. 1975இன் 'சரண்தாஸ் சோர்' அந்த வழியில் பிறந்தது. அதில் சத்தீஸ்கரி நகைப்பொருள் அன்று; நகைக்கும் மொழி அது. ஒரு கிளைமொழி மேடையேறுவதற்கும் மேடையேற்றப்படுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தன்வீரின் முந்தைய படைப்பொன்று வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது. 1954இல் தில்லியின் ஜாமியா மில்லியா மாணவரையும் ஆசிரியரையும் அருகிலுள்ள ஓக்லா சிற்றூர் மக்களையும் கொண்டு அவர் உருவாக்கிய 'ஆக்ரா பஜார்', நஜீர் அக்பராபாதி என்னும் கவிஞரைப் பற்றியது. கவிஞர் மேடைக்கு வருவதே இல்லை. சந்தையில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவன் தன் சரக்கைப் பற்றி ஒரு கவிதை எழுதித் தருமாறு ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறான். நூல் விற்பவர் கடையில் கூடியிருக்கும் புலவர்களும் திறனாய்வாளர்களும் பாரசீகச் சொற்கள் செறிந்த உருதுவில் கவிதையின் வீழ்ச்சியைப் பற்றிக் கவலைப்படுகின்றனர். வெள்ளரிக்காரனுக்கு அவர்களிடம் வேலை இல்லை. இங்கே நகைக்கு ஆளாவது கற்றோர் வழக்கு. சந்தைக் கூவல்கள் அதனை அளக்கும் கோல்களாக நிற்கின்றன. கல்வி நிலையம் ஒன்றின் ஆசிரியரும் மாணவரும் மேடையில் நின்று கல்வியாளர் மொழியையே எள்ளியது சிறு செயல் அன்று.

இந்நாடகத்தைத் தமிழாக்க முற்படுவோர் ஒரு சிக்கலைச் சந்திப்பர். பாரசீகம் செறிந்த உருதுவுக்கு ஈடாக எதை வைப்பது? மணிப்பிரவாள நடையை வைத்தால் அது தமிழகத்தில் ஒரு சாதியின், ஒரு காலத்தின் குரலாகக் கேட்கும். தனித்தமிழை வைத்தால் ஓர் இயக்கத்தை எள்ளியதாக முடியும். மூல நாடகம் சாடுவது சந்தைக்குச் செவிகொடாத புலமையை. அப்புலமைக்குத் தமிழில் சாதிச் சாயலோ கட்சிச் சாயலோ அற்ற ஒரு வழக்கு உண்டா? ஒன்று உண்டு என்றே தோன்றுகிறது: ஆய்வுக் கட்டுரைகளின் நடை. அதனைப் பயன்படுத்தும் துணிவு மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டும். அத்தகைய இதழ்களைப் படிப்போருக்கும் சற்றுப் பொறுமை வேண்டும்.

சந்தைக் கூவலை அங்கதக் கருவியாக்கும் உத்திக்குத் தன்வீருக்கு முன்னோடி உண்டு. பாரதேந்து ஹரிச்சந்திரரின் 'அந்தேர் நகரி' 1881இல் எழுதப்பட்டது. ஆறு சிறு காட்சிகள், எளிய மேடை, பலருக்கும் சிறு சிறு பாத்திரங்கள். இந்தி நாடக வகுப்புகளில் இது பயிற்சி நூலாகவே ஆகிவிட்டதற்கு இவை காரணம். பெரும்பாலும் மாணவர் இதனை அப்படியே நடிப்பதில்லை. சந்தைக் காட்சியை எடுத்துக்கொண்டு, தம் காலத்து வணிகரையும் கூவல்களையும் அதில் புகுத்துகின்றனர்.

அக்காட்சியில் செரிமானப் பொடி விற்பவன் ஒருவன் வருகிறான். தன் பொடியை உண்டு யார் யார் எதை எதைச் செரித்தனர் என்று அடுக்குகிறான்: அலுவலர் இலஞ்சத்தை, காவலர் சட்டத்தை, துரைமார் நாட்டையே. தமிழாக்குவோருக்கு இவ்விடம் எளிது. பொதுப்பணத்தை ஏப்பம் விடுதல் என்னும் வழக்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ளது. காய்கறி விற்பவள் கூவலில்தான் இடர் தோன்றுகிறது. அவள் விற்கும் இரு பழங்களுள் ஒன்றன் பெயரான 'பூட்' வெடித்துப் பிளக்கும் வெள்ளரிப் பழத்தையும் ஒற்றுமையின்மையையும் ஒருங்கே குறிக்கும். இலந்தையின் பெயரோ பகை எனப் பொருள்படும் 'பைர்' என்னும் சொல்லோடு ஒலியால் ஒன்றுகிறது. முன்னதற்குப் 'பிளவு' கைகொடுக்கும். பாக்குப் பிளவு விற்பவளாக அவளை மாற்றிவிட்டால் போதும். பின்னதற்குத் தமிழில் ஈடு எளிதில் அகப்படாது. ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்க நேரும். இழந்ததை அடிக்குறிப்பில் ஈடுசெய்ய முயலாமல் விடுவது நல்லது. அடிக்குறிப்பைக் கூவ முடியாது.

அதே சந்தையில் உலர்பழம் விற்கும் மொகலாயன் ஒருவன் சிதைந்த இந்தி பேசுகிறான். வேற்று நாவின் பிழையை நகைப்பொருளாக்கும் பழைய உத்தியையே பாரதேந்துவும் கைக்கொண்டார் எனக் குறைகூறலாம். ஆயின் அவன் அச்சிதைந்த மொழியில் சொல்வது, தன் நாட்டில் ஆங்கிலேயர் பட்ட பாட்டை. இரண்டாம் ஆப்கானியப் போர் (1878–80) முடிந்த மறு ஆண்டில் இதைக் கேட்ட காசி அவை உச்சரிப்புக்கு ஒரு முறையும் பொருளுக்கு ஒரு முறையும் சிரித்திருக்க வேண்டும். பேசுபவன் நாவில் பிழை இருக்கிறது. அடி விழுவது வேறிடத்தில். வகுப்பில் போஜ்புரிக்காரர் பாத்திரத்தை உருவாக்கும் மாணவருக்குத் தேவையான அளவுகோல் இங்கே கிடைக்கிறது. உச்சரிப்பை நீக்கிவிட்டுச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் நகை எஞ்சுகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

நாடகத்தின் உயிர்நிலை நான்காம் காட்சி. அரசவையில் பணியாள் வெற்றிலை உண்ணுமாறு அரசனை அழைக்கிறான். அரசன் செவியில் அது சூர்ப்பணகை வந்துவிட்டாள் என்று விழுகிறது; எழுந்து ஓடுகிறான். பின்னர் ஒருவன் முறையிட வருகிறான்: கல்லு என்னும் வணிகனின் சுவர் இடிந்து அவனுடைய ஆடு இறந்தது. ஆட்டைக் குறிக்கும் 'பக்ரி' என்னும் சொல், அரசன் வாயில் 'லர்க்கி' என்றாகிப் பின் 'பர்க்கி' என்று திருத்தம் பெறுகிறது. முதலாவது சிறுமி எனப் பொருள்படும். இரண்டாவது வெறும் ஒலியிடமாற்றம், அதற்குப் பொருளே இல்லை. முறையிட்டவன் தெளிவாகவே பேசினான். பிழை கேட்டவனுடையது. நகை என்பது நாவில் பிறக்கும் என்ற பேராசிரியர் காலத்து வழக்கத்தைப் பாரதேந்து செவிக்கு மாற்றிவிடுகிறார்.

ஒலியிடமாற்றம் இந்திய நாடக வரலாற்றில் முன்பும் ஒருமுறை பெருவிளைவை ஏற்படுத்தியதுண்டு. வேல்ஸ் இளவரசரின் கல்கத்தா வருகையின்போது ஜகதானந்த முகர்ஜி என்னும் வழக்கறிஞர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து வீட்டுப் பெண்டிரைக் கொண்டு வரவேற்பளித்தார். 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் இதனை எள்ளி ஒரு நாடகம் நிகழ்த்தினர். ஜகதானந்தர் அதில் கஜதானந்தர் ஆனார். இரண்டு எழுத்துகள் இடம் மாறின, உலகம் யானையாயிற்று. காவலர் தடுத்தபோது, காவல் ஆணையர் ஹாக், கண்காணிப்பாளர் லாம்ப் ஆகியோரின் பெயர்களில் உள்ள பன்றியையும் ஆட்டுக்குட்டியையும் வெளிப்படுத்தி மற்றொரு நாடகம் எழுந்தது. அவ்வாண்டே நாடக நிகழ்த்துச் சட்டம் வந்தது. அது சட்ட ஏட்டிலிருந்து நீங்கியது 2018இல்தான். தமிழகத்தின் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதனவாக்கும் வரை, நாடகப் பிரதியை முன்கூட்டிக் காவல்துறையிடம் ஒப்படைக்கும் முறை நீடித்தது. பிரதியே இல்லாமல் வளரும் வகுப்பறை நிகழ்வுக்கு இம்முறையில் இடமே இல்லை. எதை ஒப்படைப்பது?

வங்காள நாடகத்தில் இடமாற்றம் செய்தவர் நடிகர். பெயரை இழந்தவர் செல்வாக்குடையவர். பாரதேந்துவில் இடமாற்றம் செய்பவன் அரசன். பெயரை இழப்பது ஏழையின் ஆடு. ஒரே மொழி நிகழ்ச்சி எவர் வாயில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று குற்றமாகிறது, மற்றொன்று தீர்ப்பாகிறது. தமிழ் இலக்கணத்தில் 'தசை' 'சதை' ஆவதை இலக்கணப்போலி என்று ஏற்றுக்கொள்கிறோம். 'குதிரை' 'குருதை' ஆவதைக் கொச்சை என்று தள்ளுகிறோம். இரண்டிற்கும் ஒலியியல் அடிப்படையில் வேறுபாடு காண்பது கடினம்.

இக்காட்சியைத் தமிழில் செய்யப் புகும் மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் முதலில் நாடுவது வட்டார வழக்குகளையே. முறையிடுபவனுக்குச் சென்னைத் தமிழ், சுண்ணாம்புக்காரனுக்கு நெல்லைத் தமிழ், அரசனுக்குச் செந்தமிழ் என்று பங்கிடுவர். அரசன் செந்தமிழ் பேசினால் பழைய வரலாற்றுத் திரைப்படங்களின் நினைவில் அவை சிரிக்கும். சென்னைத் தமிழ் கேட்டதும் வேறு காரணத்திற்காகச் சிரிக்கும். இவ்விரு சிரிப்புகளுக்கிடையே அரசனின் செவிப்பிழை கேளாமலே போய்விடும். மூலத்தில் இல்லாத நாவின் பிழையைச் சேர்த்ததால், மூலத்தில் உள்ள செவியின் பிழை மறைகிறது. தமிழ் மேடைக்கு இது புதியதன்று. சேட்டின் தமிழும் சாயபுவின் தமிழும் மலையாளத் தேநீர்க்கடைக்காரரின் தமிழும் நம் நகைச்சுவைக்கு நெடுங்காலம் உணவிட்டு வந்துள்ளன. இச்சூழலில் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' சற்று விலகி நிற்கிறது. எசமானுக்கும் வேலையாளுக்கும் ஒரே பெயர் என்பதால் மடமையை வேலையாள் பக்கமே ஒதுக்கிவிட அங்கே வழியில்லை.

வட்டார வழக்கை விடுத்துத் தமிழின் இலக்கண அமைப்பைப் பற்றிக்கொண்டால் இக்காட்சி மூலத்தைவிடக் கூர்மையாக அமையும் இடங்கள் உள்ளன. சுவரை உடனே பிடித்து வருமாறு அரசன் ஆணையிடுகிறான். சுவரைக் கொண்டுவர இயலாது என்று அமைச்சன் சொல்ல, அதன் அண்ணன் தம்பியோ மகனோ நண்பனோ எவரையேனும் பிடித்து வருமாறு கூறுகிறான். இந்தியில் சுவர் பெண்பால் பெயர். உயிருள்ளதற்கும் அல்லாததற்கும் வினைமுற்றில் வேறுபாடு தோன்றுவதில்லை. ஆகவே அரசனின் மடமையைச் சொற்பொருள் மட்டுமே சுமக்கிறது. தமிழில் திணை வினைமுற்றிலேயே வெளிப்படும். "சுவர் வந்தானா? ஏன் வரவில்லை அவன்?" என்று அரசன் கேட்டால் போதும், ஒரு விகுதியில் காட்சி முடிந்துவிடும். உவப்பு, சினம், இழிவு போன்ற காரணங்களால் திணை மயங்குவதை நம் இலக்கண நூலார் வழுவமைதியாக ஏற்றனர். அதிகாரம் அக்காரணங்களுள் ஒன்றாக எண்ணப்படவில்லை.

வெற்றிலைக் குழப்பமும் அவ்வாறே. 'பீடா வந்தது' என்று பணியாள் சொல்ல, அரசன் 'பீடை வந்தது' என்று கேட்கலாம். இறுதி உயிர் ஒன்றே வேறுபடும் இணை. சூர்ப்பணகையை இழந்தாலும் ஓட்டம் எஞ்சும். அரசன் குடிபோதையில் இருப்பதாக மூலம் காட்டுவது மட்டும் இக்காட்சியின் வலுக்குறைவு. போதை ஒரு சாக்கு; தெளிந்தபின் நன்றாகக் கேட்பான் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தருகிறது. மது ஊற்றும் செயலை நீக்கிவிட்டு, நிதானமாக அமர்ந்து, பரிவோடு தலையசைத்து, தவறாகக் கேட்கும் அரசனை மாணவர் நடித்துப் பார்த்தல் வேண்டும். அவை சிரிப்பதற்குச் சற்றுத் தாமதமாகும்.

ஆட்டுக்கு நிகழும் பெயர் மாற்றத்திற்குத் தமிழில் ஒலியிடமாற்றமே வேண்டியதில்லை. 'ஆட்டுக்குட்டி' என்று முறையிடுபவன் சொல்ல, அரசன் பின்பாதியை மட்டும் கேட்டால் போதும். 'குட்டி' சிறு பெண்ணையும் குறிக்கும். பின்னர் குற்றம் வணிகனிடமிருந்து கொத்தனுக்கும், சுண்ணாம்புக்காரனுக்கும், தண்ணீர் சுமப்பவனுக்கும், கசாப்புக்காரனுக்கும், இடையனுக்கும், இறுதியில் நகரக் காவல் தலைவனுக்கும் கைமாறுகிறது. இத்தொடரில் ஒவ்வொருவரும் தம் வினையைப் பிறர் வினையாக்கித் தப்புகின்றனர். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை ஆகிய மூன்றையும் வகுப்பில் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் எளிதில் கிடைக்காது.

இக்காட்சியில் மூலத்தில் இல்லாத ஓர் எழுத்தரைச் சேர்த்தால் மாணவர் நிகழ்வுக்குப் புதிய களம் திறக்கும். அவர் எள்ளவோ சிரிக்கவோ வேண்டியதில்லை. அரசன் செவியில் விழுந்ததை அலுவலக நடையில் எழுதிக்கொண்டிருந்தால் போதும். கேட்கப்பட்ட 'குட்டி' அவர் ஏட்டில் 'மேற்படி சிறுமி' ஆகும். கொத்தன் தன் வாக்குமூலத்தை 'மேற்படி சிறுமி மேற்படி சுவரின் கீழ் அகப்பட நேர்ந்தமை குறித்து' என்று தொடங்கவேண்டி வரும். அடுத்து வருபவனும் ஏட்டில் உள்ளதையே வழிமொழிவான். யாரும் கொச்சையாகப் பேசவில்லை, யாருடைய ஊரும் தெரியவில்லை. இறுதியில் எழுத்தர் முறையிட்டவனிடம் ஏட்டை நீட்டுகிறார். இழப்பீடு பெற வேண்டுமாயின் இறந்த சிறுமியின் வயதை அவன் சொல்லியாக வேண்டும். அவன் சற்று யோசித்து, ஆட்டின் வயதைச் சொல்கிறான்.